வடக்கு யன்னலில் வெயில்

யாழ்ப்பாணத்தில் மலை இருக்கிறது என்று எழுதிய மனிதருக்கு நான் இரண்டு வருடம் கண் மருந்து விட்டிருக்கிறேன். அந்தக் கோபத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் கவனிப்பது என் வேலை. எங்கள் பிளாட் சிட்னியில், வெஸ்ட்மீட்டில். அவருடைய பழைய வீடு ஹோம்புஷில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். கிழமைக்கு மூன்று காலை போவேன். குளிக்கத் துணை, காலைச் சாப்பாடு, குளிசை, கண் மருந்து, கொஞ்ச நேரம் கதை. அந்தக் கதைக்கு எங்கள் படிவத்தில் தனியாக ஒரு பெட்டி உண்டு. மற்ற வீடுகளில் அந்தப் பெட்டியை நிரப்ப நான் எதையாவது யோசிக்க வேண்டும். இந்த வீட்டில் பெட்டி போதாது. அவருக்கு வயது தொண்ணூற்று நாலு. கண்ணின் நடுப் பார்வை போய்விட்டது. கதவும் கதிரையும் தெரியும், எழுத்துத் தெரியாது. மற்றபடி ஆள் திடகாத்திரம், வாய் அதைவிடத் திடகாத்திரம்.

வாடிக்கையாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. என் அப்பாவைவிட மூத்த மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நா எழவில்லை. அங்கிள் என்றேன்.

“எனக்கு ஏற்கெனவே பதினொரு பெயர் இருக்கு. அங்கிளையும் சேர்த்துக்கொள்ளுறன்” என்றார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் வெள்ளைக்காரர், பேசியது ஆங்கிலம்தான். ஆனால் என் காதுக்குள் வந்து விழும்போது எப்படியோ அது யாழ்ப்பாணத் தமிழாகிவிடும். விழுந்தபடியே எழுதுகிறேன். நக்கல் முழுக்க அவருடையது.

பதினொரு பெயரின் கதை இதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் அமெரிக்காவிலிருந்து துப்பறியும் புத்தகங்கள் இங்கே வருவதை நிறுத்தி வைத்திருந்தார்களாம். புத்தகம்தான் நின்றது, வாசிக்கிறவர்கள் நிற்கவில்லை. அதனால் சிட்னிப் பதிப்பாளர்கள் உள்ளூர் இளந்தாரிகளைப் பிடித்து, அமெரிக்கப் பெயர்களை வைத்து, சிகாகோவில் கொலை செய்ய விட்டார்கள். அப்படிப் பிடிபட்டவர்களில் இவரும் ஒருவர். மாதத்துக்கு இரண்டு நாவல். ரயில் நிலையக் கடைகளில் விற்கிற மெல்லிய புத்தகங்கள். வாசித்து முடித்தவர்கள் இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போவார்கள். நூறுக்கு மேலே எழுதியிருக்கிறார், எத்தனை என்று அவருக்கே தெரியாது. அட்டையில் போட்ட பெயர்கள் எல்லாம் பதிப்பாளரின் சொத்து. ஒரே பெயரில் இன்றைக்கு இவர் எழுதுவார், அடுத்த மாதம் இன்னொருவர் எழுதுவார். இவருடைய சொந்தப் பெயர் ஒரு புத்தகத்திலும் வந்ததில்லை.

இத்தனைக்கும் மனிதர் ஆஸ்திரேலியாவை விட்டு வெளியே காலெடுத்து வைத்தவரில்லை. சிட்னி நூலகம் ஒன்றில் சிகாகோ வரைபடம் ஒன்று இருந்ததாம். மடித்து மடித்து நடுவில் கிழிந்துபோன வரைபடம். கிழிந்த இடத்தில் எந்தத் தெரு இருந்தது என்று தெரியாததால், அவருடைய துப்பறிவாளர்கள் ஒருவரும் நகரத்தின் அந்தப் பகுதிக்குப் போனதில்லை.

“கொலைகாரனுக்கு விசயம் தெரிஞ்சிருந்தா அங்கை போய் ஒளிச்சிருந்து தப்பியிருப்பான்” என்பார்.

மலைக்கு வருகிறேன். முன்னறையில் ஒரு அலுமாரி நிறைய அவருடைய புத்தகங்கள். தூசு தட்டப் போன நாளில் ஒன்று கையில் அகப்பட்டது. அட்டையில் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் புலி, புலிக்குப் பின்னால் பனி படர்ந்த மலை. உள்ளே முதல் பக்கத்திலேயே நான் பிறந்த ஊர். எனக்கு வந்ததே ஒரு கோபம். குசினியில் முட்டை அவிந்துகொண்டிருந்தது, அதையும் மறந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

“அங்கிள், யாழ்ப்பாணத்திலை மலை எங்கை இருக்கு?”

“அட்டையிலை இருக்கு.”

“ஊரிலை இல்லை.”

“அது எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. படம்தான் முதல் வரும். கீறுறவன் தன்ரை பாட்டுக்குக் கீறிக் குடுத்திடுவான், அச்சும் அடிச்சிடுவாங்கள். பிறகு அந்தப் படத்துக்குள்ளை இருக்கிற அவ்வளவையும் நான் கதைக்குள்ளை கொண்டுவர வேணும். மலை, புலி, பொம்பிளை. ஊர் மட்டும் என்ரை விருப்பம். உம்மடை ஊர்ப்பேர் நல்ல தூரமாக் கேட்டுது.”

“எங்கடை ஊரிலை ஏறி நிண்டு பாக்கக்கூடிய ஆக உயரமான சாமான் தண்ணித் தாங்கி.”

“அப்ப புலி அதிலை ஏறியிருக்கும்” என்றார். முட்டை கல்லாகிவிட்டது. அதைத்தான் சாப்பிடக் கொடுத்தேன்.

இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு பார்த்தால் புலி அந்தப் பெண்ணைக் கடித்ததா இல்லையா என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் ரயிலில் வாசித்தேன். கடிக்கவில்லை. அதிலிருந்து அலுமாரியில் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக என் கைப்பையில் வெஸ்ட்மீட்டுக்குப் போய்த் திரும்பின.

போன வருடம் மெல்போர்னிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய புத்தகங்களைத் தேடி எடுத்து மறுபடி வெளியிடும் சின்னப் பதிப்பகம் ஒன்று. எழுதியவர் அங்கே வேலை செய்யும் ஒரு இளம் பெண். நான்தான் வாசித்துக் காட்டினேன். அந்தக் காலத்து நாவல் ஒன்றைத் திரும்பக் கொண்டுவரப் போகிறார்களாம், இந்தத் தடவை அட்டையில் எழுதியவரின் உண்மையான பெயரோடு. ஆனால் எழுதியவர் யார் என்பதில் சிக்கல். அதில் போட்டிருந்த புனைபெயரில் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் இவர். மற்றவர் இங்கிலாந்தில் வளர்ந்து, பிறகு கப்பலேறி மெல்போர்னுக்கு வந்து, எப்போதோ காலமாகிவிட்டவர். அப்பாதான் எழுதினார் என்று அவருடைய மகள் சொல்கிறாராம். கையெழுத்துப் பிரதியோ ஒப்பந்தமோ ஒன்றும் மிஞ்சவில்லை. உங்களிடம் ஆதாரம் ஏதும் உண்டா என்று கேட்டிருந்தார்.

அங்கிள் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, மடித்துச் சேர்ட் பையில் வைத்துக்கொண்டார்.

“அது என்ரை” என்றார். “மிச்சத்தை ஆர் வேணுமெண்டாலும் எடுக்கட்டும். அது என்ரை.”

பிறகு கதையைச் சொன்னார். சிகாகோவில் ஒரு பூட்டுத் திருத்துகிறவன். ஒரு வாடகை அறையில் பனிக்காலம் முழுக்க இருந்து எதிர்வீட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஒரே ஒரு வெடிச் சத்தம், அதுவும் வேறு அறையில் கேட்கிறது. அவ்வளவுதான் கதை. அதைக் காட்சிக்குக் காட்சி சொன்னார். மற்ற நாவல்களில் செத்தது யார் என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை; நான் கேட்டால், “நீர்தானே வாசிச்சனீர், எனக்குச் சொல்லும்” என்பார். இந்தப் புத்தகம் மட்டும் அவருடைய அலுமாரியில் இல்லை. மிஞ்சிய ஒரே பிரதி மெல்போர்ன் பதிப்பகத்தின் கையில் இருந்தது.

“ஒரேயொரு தரம் அட்டையிலை என்ரை பெயர் வரட்டும். நான் கையாலை தடவிப் பாத்திடுறன்” என்றார். அதை அவர் பகிடியாகச் சொல்லவில்லை. எப்படியாவது அவருடைய பெயரைப் போட வைத்துவிடுகிறது என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன்.

இந்த இடத்தில் என் கணவர் உள்ளே வருகிறார், கையில் திசைகாட்டியோடு. நாங்கள் மூன்று வருடமாக வீடு பார்க்கிறோம். சனிக்கிழமை வந்தால் நாலு வீடு. வாசலில் நின்று போனில் திசை பார்ப்பார். தெற்குப் பார்த்த வாசல் என்றால் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டார். வீடு விற்கிற ஏஜெண்டோ வடக்கு, வடக்கு என்று தன் காரணத்துக்காகக் கூவுவான். இந்த நாட்டில் வெயில் வடக்குப் பக்கத்தால்தான் வீட்டுக்குள் வரும். ஆக வாசலால் கணவரும் வெயிலால் நானுமாக, வீடு என்றாலே திசை என்று எங்கள் மூளை பழகிவிட்டது.

அப்படிப் பழகிய மூளையோடு ரயிலில் ஒரு சிகாகோ நாவலைத் திரும்ப வாசித்தேன். கொலைகாரன் பனிக்காலத்தில் வடக்கு யன்னலருகே இருந்து வெயில் காய்கிறான். நல்ல அறைதான், எங்கள் ஏஜெண்டுக்குப் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன். திருப்பிய கை அப்படியே நின்றது. சிகாகோ எங்கே இருக்கிறது? பூமியின் வடபாதியில் அல்லவா?

வீட்டுக்கு வந்து டொரொன்ரோவில் இருக்கும் தங்கைக்குப் போன் எடுத்தேன்.

“உங்கடை வீட்டிலை வெயில் எந்தப் பக்கத்தாலை வரும்?”

“தெற்காலை. ஏன்?”

“வடக்கு அறையிலை?”

“அங்கை எங்கை வெயில்? அரிசி மூட்டை வைக்கிற அறை அது. உங்களுக்கு என்னக்கா, விசரே?”

அன்றிரவே கணவரையும் பிடித்து இருத்தி, ஆளுக்குப் பாதியாக, என் கைப்பையில் இருந்த புத்தகங்களில் யன்னல் தேடினோம். மிச்சத்தை அடுத்த கிழமைகளில் பார்த்தோம். சிகாகோ, நியூயோர்க், லண்டன், ஒன்றும் மிச்சமில்லை. பனி ஒழுங்காகக் கொட்டியது. டிசம்பரில் எல்லோரும் ஒழுங்காகக் கோட்டுப் போட்டார்கள். அதையெல்லாம் மனிதர் கவனமாகச் செய்திருந்தார். ஆனால் அந்த ஊர்களில் தெற்கால் வர வேண்டிய வெயில் மட்டும் எங்கே வந்தாலும் வடக்கு யன்னலால் வந்தது. சிட்னியில் பிறந்து சிட்னியிலேயே இருக்கிற ஒருவருக்கு அதைச் சரிபார்க்க வேண்டும் என்றே தோன்றாது. இங்கிலாந்தில் வளர்ந்த மற்ற மனிதர் அந்தப் பிழையை விட்டிருக்க மாட்டார்.

சொன்னபோது அங்கிள் சிரித்த சிரிப்பில் குளிசை டப்பா நிலத்தில் விழுந்தது. “இவ்வளவு வருசமா ஒருத்தனும் பிடிக்கேல்லை. வீடு வாங்கத் தெரியாத ரெண்டு பேர் பிடிச்சிருக்கிறியள்” என்றார். குனிந்து குளிசை பொறுக்கிக்கொண்டிருந்த எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம்.

சும்மா இருந்தேனா? இல்லை. மெல்போர்ன் பெண்ணுக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதினேன். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எந்த யன்னல் எல்லாம் வரிசையாகப் போட்டேன். உங்கள் கையில் இருக்கும் பிரதியைத் திறந்து பாருங்கள், வெயில் வடக்கால் வந்தால் எழுதியவர் எங்கள் ஆள் என்று சவால் விட்டு முடித்தேன். கணவர் வாசித்துவிட்டு, “நீர் ஒரு நல்ல பொலிஸ்காரி” என்றார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. உங்கள் கண்டுபிடிப்பு அருமை, இப்படி ஒரு ஆதாரத்தை நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை என்று தொடங்கியிருந்தது. அடுத்த வரியில், பிரதியைப் பார்த்தோம், வெயில் தெற்கு யன்னலால் வருகிறது, ஓரிடத்தில் அல்ல, கதை முழுக்க என்றிருந்தது. மன்னிக்கச் சொல்லி, முதல் அத்தியாயத்தைப் படமெடுத்து இணைத்திருந்தார். அவருக்கு நீங்களே வாசித்துக் காட்டினால் நல்லது என்று முடித்திருந்தார்.

நானே கயிறு திரித்து, நானே முடிச்சுப் போட்டு, அந்த மனிதரின் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஆதாரம் இல்லை என்ற அளவிலாவது நின்றிருக்கும். எனக்கு என்மேலேயே அப்படி ஒரு எரிச்சல்.

“சொல்லாதையும்” என்றார் கணவர். “தொண்ணூற்று நாலு வயசு. சொல்லி என்ன காணப் போறீர்?”

சொல்லவில்லை. அடுத்த மூன்று தடவையும், மெல்போர்னிலிருந்து ஏதும் வந்ததா என்று அவர் கேட்டார், இல்லை என்றேன். மூன்றாம் தடவை கேட்கும்போது புதுச் சேர்ட் போட்டுக்கொண்டு இருந்தார். நல்ல செய்தி வருகிற நாளில் பழைய உடுப்போடு இருக்கக் கூடாதாம். எனக்கு அந்தச் சேர்ட்டைப் பார்க்க முடியவில்லை. முதல் அத்தியாயம் வந்திருக்கிறது, வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் மனதில் ஒரு திட்டம் இருந்தது. ஒரே ஒரு சொல்லை மாற்றி வாசிப்பது. அவருடைய கண்ணுக்குப் பக்கம் தெரியாது. புத்தகம் அவருடையது என்று அவர் நம்பிக்கொண்டே இருக்கட்டும், பதிப்பகத்துக்காரர் வேறு காரணம் சொல்லி மறுத்துவிட்டார்கள் என்று பிறகு ஒரு கதை விடலாம். கதிரையை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு, போனைக் கையில் பிடித்து வாசித்தேன்.

காலை பத்து மணிக்கு வடக்கு யன்னலால் வெயில் உள்ளே வந்தது. அவன் கதிரையை அதற்குள் தள்ளிப் போட்டு இருந்தான். வெயில் நகர்ந்தபோது கதிரையையும் நகர்த்தினான். பின்னேரம் ஆனபோது அறையின் மறுபக்கத்தில் இருந்தான். அன்றைக்கு அவன் செய்த வேலை அதுதான்.

வடக்கு என்று சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் வந்தது.

“திருப்பி வாசியும்” என்றார். வாசித்தேன். இன்னொரு தரம் என்றார். அதையும் வாசித்தேன்.

“இது நான் எழுதினதில்லை” என்றார்.

“அங்கிள், வடக்கு யன்னல் எண்டுதானே கிடக்கு.”

“யன்னலை விடும். மனுசன் ஒரு நாள் முழுக்கச் சும்மா இருக்கிறான். என்ரை ஆள் எண்டா மூண்டாவது வசனத்திலை ஆரோ கதவைத் தட்டியிருப்பான். நாலாவதிலை சுட்டிருப்பான். ஒருத்தனைச் சும்மா இருக்க விட எனக்கு ஒருநாளும் துணிவு வரேல்லை.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. சொல்லை மாற்றியதை ஒப்புக்கொண்டேன். மின்னஞ்சல் வந்து ஒரு கிழமையாகிறது என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஞாபகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“ரெயில்” என்றார் கடைசியில். “ரெயிலிலை வாசிச்சனான். எங்கடை பெயரிலை மற்றவன் என்னத்தை எழுதித் துலைச்சிருக்கிறான் எண்டு பாக்க வாங்கினது. ஹோம்புஷிலை இறங்க வேண்டினவன் கனதூரம் தள்ளிப் பரமட்டாவிலை இறங்கினன். பொறாமையிலை மூண்டு நாள் தட்டச்சைத் தொடேல்லை. பிறகு எத்தினை தரம் வாசிச்சனோ தெரியாது. வாசிச்சு வாசிச்சு என்ரை ஆக்கிப்போட்டன்.”

எனக்கு அது முன்பே விளங்கியிருக்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு எழுதியவருக்குத் தான் எழுதிய ஒன்றும் நினைவில்லை. நினைவில் நின்றது ஆசைப்பட்டு வாசித்த ஒன்று மட்டும்தான். துப்பறியப் போன நான் யன்னலைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை.

அவர் அழுவார் என்று பயந்தேன். அழுதது நான். ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாரும் என்றார், போட்டுக்கொண்டு வந்தேன். பாதி குடித்துவிட்டு, அந்த மகளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், அடியும் என்றார். நான் போனில் அடிக்க அவர் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், இடையில் நிறுத்தி நிறுத்தி.

உங்கள் அப்பா எழுதிய புத்தகம் அது. நான் எழுதவில்லை. நான் எழுதியதாக இவ்வளவு காலமும் நம்பியிருந்தேன், அதற்காக மன்னிக்க வேண்டும். அவரை நான் கண்டதில்லை. அவருடைய புத்தகத்தை வாசித்த அன்றைக்கு நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. அதை அவருக்கு எழுதிச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அட்டையில் அவருடைய பெயரைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள்.

அவ்வளவுதான் கடிதம். அவருடைய மின்னஞ்சல்களை இதுவரை என் பெயரில்தான் அனுப்பி வந்தேன், அவர் சார்பாக என்று கீழே ஒரு வரி போட்டு. இதற்கும் அப்படியே போடப் போனேன்.

“இல்லை, என்ரையைப் போடும்” என்றார். முழுப் பெயரையும் சொன்னார். நடுவில் ஒரு பெயர் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அடித்தேன். மெல்போர்ன் பெண்ணின் முகவரியைப் போட்டு, மகளிடம் சேர்க்கச் சொல்லி, அனுப்பட்டோ என்று கேட்டேன்.

“பொறும். ஒருக்கா வாசியும்.”

வாசிக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“முழுக்க வேண்டாம். கடைசி வரி மட்டும்.”

கடைசி வரியில் அவருடைய பெயர் மட்டும்தான் இருந்தது. வாசித்தேன்.